உங்களுக்குத் தெரியுமா? டச்சு ஓவியத்தில் மாடும் மேகமும்

ஒரு மாடு நிற்கும். பக்கத்தில் ஓடை, தூரத்தில் ஒரு மாதாகோயில் கோபுரம், மேலே படம் முழுக்க மேகம். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தின் கிராமத்து ஓவியங்களைப் பழைய காலண்டரிலோ பிஸ்கட் டின் மூடியிலோ பார்த்திருப்பீர்கள். ஜன்னலைத் திறந்தார்கள், கண்ணில் பட்டதை வரைந்தார்கள் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றவைத்ததுதான் அந்த ஓவியர்களின் கெட்டிக்காரத்தனம். இனி ஒவ்வொன்றாக.

வயலுக்குப் போகாத வயல் ஓவியம்

இந்தப் படங்களில் ஏறக்குறைய எதுவும் வெட்டவெளியில் உட்கார்ந்து தீட்டியது அல்ல. எண்ணெய் வண்ணத்தை அடைத்து விற்கும் உலோக ட்யூப் 1841-இல்தான் வந்தது. அதற்கு முன் வண்ணப்பொடியை எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும், மிஞ்சியதைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிவைக்க வேண்டும். இத்தனையையும் தூக்கிக்கொண்டு யார் வரப்பில் நடப்பது? ஓவியர் ஒரு நோட்டும் கறுப்புச் சாக்குக்கட்டியுமாகப் போய்க் கிறுக்கிக்கொண்டு வருவார். படம் உருவாவது நகரத்து வீட்டு மாடியில்.

மாடிக்கு வந்தபின் ஊர்கள் இடம் மாறும். உட்ரெக்ட் நகரத்துக்கு அருகே பெல்லெகுசென் வாயில் என்றொரு பழைய கோட்டை வாயில் இருந்தது. யான் வான் கோயன் அதைப் பலமுறை வரைந்திருக்கிறார். வாயில் ஒன்றுதான், சுற்றுப்புறம் மட்டும் படத்துக்குப் படம் வேறு. யாகோப் வான் ரெய்ஸ்டால் ‘யூதர் கல்லறை’யில் வரைந்த சமாதிகள் ஆம்ஸ்டர்டாம் அருகே ஆவ்டர்கெர்க்கில் இன்றும் இருக்கின்றன. அவற்றின் பின்னால் நிற்கும் இடிந்த கட்டடமும் முன்னால் பாயும் ஓடையும் அங்கே கிடையாது.

முதலில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள்

ஸ்பெயினோடு நடந்த நீண்ட போரில் 1609 முதல் 1621 வரை ஒரு இடைவேளை. பயமில்லாமல் ஊருக்கு வெளியே காலாற நடக்கலாம் என்ற நிலை வந்ததும், கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் என்ற பதிப்பாளர் ஹார்லெம் நகரைச் சுற்றியுள்ள ‘இனிமையான இடங்களை’ அச்சுப்படத் தொகுப்பாக வெளியிட்டார். மணல்மேடு, வண்ணான்துறை, சத்திரம், இவ்வளவுதான். புராணம் இல்லை, தேவதை இல்லை. 1632-இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே குதிரை இழுக்கும் படகுப் போக்குவரத்தும் தொடங்கிவிட்டது. நகரத்தார் கிராமத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். பார்த்ததை வாங்கிச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார்கள்.

கசாப்புக் கடையில் ஓவியம்

மற்ற நாடுகளில் ஓவியம் வாங்கியவர்கள் அரசரும் பேராயரும். ஹாலந்தில் யார்? 1640-இல் ஆம்ஸ்டர்டாம் வந்த ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி, கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் கொல்லரும்கூடக் கடையில் படம் மாட்டியிருந்ததை வியந்து எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு ரோட்டர்டாம் சந்தைக்குப் போன ஜான் ஈவ்லின் குடியானவர்களே ஆயிரக்கணக்கான பவுனைப் படத்தில் முடக்குகிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டார். பின்னது கொஞ்சம் அளந்த கதை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இருந்தாலும், சாதாரணக் குடும்பம் ஒன்றிரண்டு நிலக்காட்சிப் படம் வாங்கக்கூடிய விலை அங்கே இருந்தது உண்மை.

ஒரு நாளில் ஒரு படம்

விலை எப்படி இறங்கியது? அதற்கு வான் கோயன் (1596–1656) கண்ட வழியைப் பார்க்க வேண்டும். பழைய பாணியில் ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. இலைக்கு இலை நுணுக்கம். இவர் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று நாலைந்து நிறத்தோடு நிறுத்திக்கொண்டார். மெல்லிய பூச்சு, ஈரம் காயும் முன்பே அடுத்த தீட்டல். சில இடங்களில் பலகையின் மரநிறமே படத்தின் மண்ணாக நிற்கும். விலையுயர்ந்த நீலம் தேவையில்லை, வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இவர் பெயரில் இன்று அறியப்படும் ஓவியங்கள் சுமார் 1,200.

அவருடைய வேகத்தைப் பற்றி, ஓவியர் சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் 1678-இல் ஒரு கதை எழுதியிருக்கிறார். மூன்று பேருக்குப் போட்டி, பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு படம். க்னிபெர்கன் என்பவர் பழகிய கையால் மளமளவென்று வரைந்து தள்ளினார். வான் கோயன் பலகை முழுக்க வெளிச்சமும் இருளுமாக வண்ணத்தை அப்பி, அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து குடிசையையும் படகையும் தேடி எடுத்தார். கடலோவியர் போர்செல்லிஸோ வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் முழுப் படத்தையும் முடித்துவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டார். வென்றது அவர்தான். நான் நடுவராக இருந்திருந்தால் வான் கோயனுக்குத்தான் ஓட்டு.

இத்தனை உழைத்தவர் கடனாளியாகச் செத்தார். 1637 தொடக்கத்தில் ஹேக் நகரத்துப் பெரிய மனிதர் ஒருவரிடம் துலிப் கிழங்கு வாங்கினார்; பணத்தோடு படமும் தருவதாகப் பேச்சு. அந்தப் பிப்ரவரியில்தான் துலிப் சந்தை கவிழ்ந்தது.

ஏன் எங்கு பார்த்தாலும் மாடு?

ஏனென்றால் ஹாலந்தின் மண் நெற்கதிர் கோதுமைக்கதிர் பேச்செல்லாம் கேட்காத மண். கரிச்சேறு நிலம், வடிகால் வெட்ட வெட்டத் தரை தாழ்ந்துகொண்டே போகும், கால் வைத்தால் சதசதக்கும். ஆகவே தானியத்தைப் பால்டிக் கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கினார்கள். உள்ளூர் நிலத்தைப் புல்லுக்கு விட்டார்கள். பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் காசு. டென்மார்க்கிலிருந்து ஒட்டிய வயிற்றோடு எருதுகளை ஓட்டிவந்து, ஹாலந்துப் புல்லில் கொழுக்கவைத்து விற்பதும் பெரிய வியாபாரம். ஆக, சுவரில் மாட்டிய மாடு வெறும் அழகு இல்லை. வீட்டுக்காரரின் சொத்துப் பெருமையும் கொஞ்சம் அதில் இருந்தது.

ஒன்று கவனியுங்கள். ஹாலந்து மாடு என்றதும் நம் கண்ணுக்கு வருவது கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட பால்பண்ணை மாடு. இந்த ஓவியங்களில் நிற்பவை பெரும்பாலும் செவலையும் பழுப்பும்தான். கறுப்பு வெள்ளை பெருகியது பிற்பாடு.

மாடு அரசியல் பேசியதும் உண்டு. நெதர்லாந்தையே ஒரு கறவை மாடாக வரைந்த நையாண்டிப் படங்கள் அந்தக் காலத்தில் உலவின. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பார், இங்கிலாந்து ராணி எலிசபெத் தீனி போடுவார், பிரெஞ்சு இளவரசர் அஞ்சூ வாலைப் பிடித்து இழுத்துக் கையைச் சாணியாக்கிக்கொள்வார்.

மூன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு காளை

ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹெய்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சுவரை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு நிற்கிறது, பாவ்லுஸ் போட்டர் 1647-இல் வரைந்த ‘காளை’. உயரம் சுமார் 2.36 மீட்டர், அகலம் 3.39 மீட்டர். இந்த அளவெல்லாம் போர்க்காட்சிக்கும் வேதாகமக் காட்சிக்கும் ஒதுக்கிய அளவு. அதில் ஒரு இளங்காளையை, அதுவும் தன் 21, 22 வயதில், நிறுத்திவிட்டார் போட்டர்.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காளையின் முதுகுமேல் ஈக்கள் பறக்கின்றன. புல்லில் ஒரு தவளை. பக்கத்தில் படுத்திருக்கும் பசுவின் மூக்கு ஈரமாக மினுங்குகிறது. முகத்து மயிர் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எண்ணிவிடலாம். சாணம் சாணமாகவே கிடக்கிறது. மேலே வானத்தில் ஒரு வானம்பாடி. தூரத்தில் தெரியும் மாதாகோயில் ரைஸ்வைக் கிராமத்தினுடையது. ஆடுகளும் மாடும் ஒரு பக்கம் இருக்க, மரத்துக்குப் பின்னால் நிற்கும் குடியானவரைக் கடைசியாகத்தான் கவனிப்போம்.

இவ்வளவு அச்சு அசலான காளை உண்மையில் எந்தக் கொட்டிலிலும் இருந்ததில்லை. வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்து வரைந்த குறிப்புகளை ஒட்டி உருவாக்கிய காளை இது. உடம்பின் ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் வயது ஒத்துப்போகாது. கித்தானும் ஒட்டுப்போட்டதுதான். முதலில் காளையை மட்டும் வரைய நினைத்த போட்டர், பிறகு இரண்டு பக்கமும் மேலேயும் துணி சேர்த்துப் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்.

1795-இல் ஹேக்குக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படை இந்தக் காளையைப் பாரிஸுக்கு ஓட்டிக்கொண்டு போய் லூவ்ரில் கட்டியது. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் திரும்பி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெம்ப்ராண்ட்டின் ‘இரவுக் காவலை’விட இதற்குத்தான் பேர் அதிகம். இன்று நிலைமை தலைகீழ்.

1981-இல் அமெரிக்க ஓவியர் மார்க் டான்சி இதை வைத்து ஒரு குறும்பு செய்தார். கோட்டு சூட்டு போட்ட நிபுணர்கள் ‘காளை’ ஓவியத்தின் திரையை விலக்கி ஒரு நிஜப் பசுவுக்குக் காட்டுகிறார்கள். பசு என்ன நினைக்கிறது என்று பதிவு செய்ய ஒருவர் காத்திருக்கிறார். இன்னொருவர் கையில் துடைப்பத்தோடு நிற்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று!

அரண்மனைக்கு ஒவ்வாத பசு

அதே போட்டர் 1649-இல் வரைந்த பண்ணைக் காட்சி ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜில் இருக்கிறது. ஆரஞ்சு அரச குடும்பத்து அமாலியா வான் சோல்ம்ஸுக்காக வரைந்தது என்றும், படத்தின் நடுவில் ஒரு பசு மூத்திரம் பெய்துகொண்டிருப்பதைப் பார்த்து அரண்மனை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பியது என்றும் பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஹவ்பிராக்கன் எழுதுகிறார். அரண்மனை வேண்டாம் என்றதை, பின்னால் நெப்போலியனின் மனைவி ஜோசபின் தன் மாளிகையில் மாட்டிவைத்தார். அவர் இறந்தபின் ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் வாங்கிக்கொண்டார். பசு அசரவே இல்லை.

போட்டர் காசநோயில் இறந்தபோது வயது 28.

வேடனுக்குத் தண்டனை

போட்டரின் இன்னொரு படம் 14 கட்டமாகப் பிரித்தது. ஓரக் கட்டங்களில் பெரும்பாலும் மனிதன் விலங்குகளை வேட்டையாடுகிறான். நடுவில் விலங்குகள் கோர்ட்டு கூட்டி அவனை விசாரிக்கின்றன. தீர்ப்பு: நாய்களுக்குத் தூக்கு, வேடனை நெருப்பில் வாட்டுதல். மேல்முறையீடு இல்லை.

இத்தாலி வெயில், டார்ட்ரெக்ட் மாடு

ஆல்பெர்ட் கெய்ப் (1620–1691) படங்களில் மாட்டின் முதுகு விளிம்பில்கூடப் பொன் வெயில் ஒழுகும். அது ஹாலந்து வெயிலே இல்லை, இத்தாலி வெயில். கெய்ப் இத்தாலிக்குப் போனதாகச் சான்று கிடையாது. ரோமாபுரியில் இருந்துவிட்டு 1640-களின் தொடக்கத்தில் உட்ரெக்ட் திரும்பிய யான் போத் கொண்டுவந்த வெளிச்சத்தைப் பார்த்து, அதைத் தன் ஊர் ஆற்றங்கரை மாடுகள்மேல் பாய்ச்சினார். ஊரோ டார்ட்ரெக்ட், வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் தூறலும்தான்.

1658-இல் வசதியான விதவை ஒருவரை மணந்தார். அதன்பின் திருச்சபைப் பொறுப்பு, ஊர்ப் பொறுப்பு. தூரிகையை அதிகம் தொட்டதாகத் தெரியவில்லை. வயிறு நிறைந்தால் கலை வற்றும் என்று சொல்ல இவரைத்தான் இழுப்பார்கள். அவருக்கு அது பற்றி வருத்தம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கெய்ப் பைத்தியம் பிடித்தது. அள்ளிக்கொண்டு போனதில், அவரது நல்ல படங்களைப் பார்க்க ஹாலந்துக்குப் போவதைவிட லண்டனுக்குப் போவதே மேல் என்றாகிவிட்டது. அதே ஊரில் ஆப்ரகாம் வான் கல்ராட் என்று இன்னொரு ஓவியர். குதிரையும் மாடும் வரைந்து ‘ஏ.சி.’ என்று இனிஷியல் போடுவார். கெய்ப்புக்கும் அதே எழுத்துதான். விற்பவர்களுக்குக் கசக்குமா? எத்தனையோ கல்ராட்டுகள் கெய்ப் விலைக்குப் போயின.

ரோமாபுரியில் ஒரு வாலிபர் கூட்டம்

இத்தாலிக்கு நிஜமாகவே போன டச்சு ஓவியர்கள் 1620 வாக்கில் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். புதிதாகச் சேருபவருக்கு மது தெய்வம் பாக்கஸ் பெயரில் ஞானஸ்நானம், பட்டப்பெயர், விடிய விடியக் குடி. செலவு புது ஆளுடையது. மேய்ச்சல் காட்சிகளுக்குப் பேர்போன காரெல் டுயார்டினுக்கு ‘ஆட்டுத்தாடி’. கை ஊனமுற்ற யான் அசெலைனுக்கு ‘குட்டி நண்டு’. விடிந்ததும் சாந்தா கொஸ்தான்சா கோயிலுக்குக் கும்பலாகப் போவார்கள். அங்கே சுவரில் அவர்கள் கீறிவைத்த பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 1720-இல் போப்பாண்டவர் சங்கத்துக்கே தடை போட்டார்.

இத்தாலிக் குன்று, இடிந்த தூண், கழுதைமேல் சாய்ந்து பேசும் இடைச்சி என்று இவர்கள் வரைந்தவற்றைத்தான் ஹாலந்துப் பணக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த மோகம் முற்றி, சீமான் வீட்டுக் குழந்தைகளை ஆட்டிடையர் வேஷம் கட்டி, கையில் கோல் கொடுத்து வரைவதும் வழக்கமானது. கெய்ப்பின் அப்பா யாகோப் கெரிட்ஸுக்கு இதில் நல்ல வரும்படி. பட்டுச் சட்டையில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள்!

புல்லில் விரித்த வெள்ளை

ரெய்ஸ்டால் 1670-களில் ஹார்லெம் நகரத்தை மணல்மேட்டின் உச்சியிலிருந்து பார்ப்பதாகப் பல படங்கள் வரைந்தார். வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. அடியில் ஒரு கீற்றாக ஊர், புனித பாவோ கோயில். இவற்றுக்கு ‘ஹார்லெம்பியே’ என்று செல்லப்பெயரே உண்டு. அவற்றின் முன்பகுதியில் பச்சைப் புல்மேல் நீள நீளமாக வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை லினன் துணிகள்.

ஹார்லெம் வெளுப்புக்கு ஐரோப்பா முழுக்கப் பேர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் துணி வந்து வெளுத்துப் போகும். சாம்பலிலிருந்து வடித்த காரநீரில் துணியை ஊறவைத்து, அலசி, புல்லில் விரித்து, வெயில் காயக் காயத் தண்ணீர் தெளிப்பார்கள். திரும்ப எடுத்துக் காரநீர், திரும்பப் புல். இப்படிப் பலமுறை. கடைசியில் காரத்தை முறிக்க மோரில் போட்டு ஊறவைப்பார்கள். மோரின் புளிப்பு அங்கே அமிலத்தின் வேலையைச் செய்தது. வசந்தத்தில் தொடங்கினால் மாதக்கணக்கில் போகும். மணல்மேட்டில் ஊறும் சுத்தமான தண்ணீர், பக்கத்துப் பண்ணையின் மோர், பரந்த புல்வெளி மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தது ஹார்லெமின் அதிர்ஷ்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் கந்தக அமிலமும் பிறகு குளோரினும் வந்தபின் இந்த மோர் வேலை முடிந்துபோனது.

படத்தில் துணியை விரிக்கும் பெண்கள் எறும்பளவு. அவர்கள் முதுகு வலித்ததா என்று ஓவியம் சொல்லாது.

வரையாமல் விட்டவை

எனக்கு இந்த ஓவியங்களில் ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான்: எதை வரையவில்லை? அந்த நூற்றாண்டில் ஹாலந்தின் மிகப் பெரிய சாதனை, ஏரிகளை இறைத்து நிலமாக்கியது. பேம்ஸ்டர் ஏரியில் 40-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் வேலை செய்தன. 1610-இல் புயலில் அணை உடைந்து மறுபடி வெள்ளம். விடாமல் இறைத்து 1612-இல் காயவைத்தார்கள். சுமார் 7,000 ஹெக்டேர். ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகளின் முதலீடு. 1999-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக்கியது.

அந்தப் புது நிலத்தை ஓவியர்கள் அநேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டது போன்ற கால்வாய், சதுர வயல், நேர்ப்பாதை. அதில் என்ன அழகு என்று நினைத்தார்களோ! அவர்களுக்கு வேண்டியது கோணல் ஓக் மரம், சரிந்த வேலி, குண்டும் குழியுமான மணல் பாதை. காசு போட்டு நிலத்தை நேராக்கிய அதே நகரத்தார், கோணலான பழைய கிராமத்தை வாங்கி மாட்டினார்கள்.

வேலையும் அப்படித்தான். பால் கறக்கும் பெண் உண்டு, மீனவர் உண்டு. வியர்த்துக் கொட்டி உழைக்கும் ஆளைத் தேடினால் சிரமம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரெய்ஸ்டாலின் ‘கோதுமை வயல்க’ளில் பாதையில் ஒருவர் நடந்து வருகிறார், எதிரே ஒரு பெண்ணும் குழந்தையும். விளைந்து நிற்கும் கோதுமையை அறுக்கத்தான் யாரும் இல்லை. குடியானவர் நெருக்கத்தில் தெரிய வேண்டுமானால் ஆட்ரியான் வான் ஒஸ்டாட் போன்றவர்களிடம் போக வேண்டும். அங்கே அவர் சாராயக் கடையில் பைப் பிடித்துக்கொண்டு உருண்டுகிடப்பார். ஒன்று சோம்பல், இல்லையேல் குடி. நகரத்தார் தங்களைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள இரண்டும் உதவியிருக்கும்.

மரம் ஒருவர், மனிதர் ஒருவர்

ரெய்ஸ்டாலுக்கும் அவர் சீடர் ஹொப்பெமாவுக்கும் மரமும் மேகமும் கைவந்த கலை. ஆளை வரையச் சொன்னால் தடுமாற்றம். அதற்கென்று ஆள் இருந்தார். ஆட்ரியான் வான் டெ வெல்டே மற்றவர்களின் படங்களில் மாடு, மேய்ப்பன், வழிப்போக்கர் ஆகியோரை வரைந்து கொடுத்தார். ஒரே ஓவியத்தில் இரண்டு கை, கையெழுத்து ஒன்று.

கேம்பன் ஊர் ஊமையர்

உறைபனி ஓவியங்களின் முன்னோடி ஹென்ட்ரிக் அவர்காம்ப் (1585–1634) வாய்பேசாதவர். ஊரார் வைத்த பெயரே ‘கேம்பனின் ஊமையர்’. ஐரோப்பா கடுங்குளிரில் நடுங்கிய ‘குறும்பனி யுகத்’தில் கால்வாய்கள் கல்லாக உறைந்தன, பணக்காரர், பிச்சைக்காரர், பாதிரியார் எல்லோரும் ஒரே பனியில் வழுக்கி விழுந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள அவரது பெரிய பனிக்காட்சியில் ஒரு மூலையில் பழைய கதவைச் சாய்த்துவைத்துப் பறவைக்குக் கண்ணி; இன்னொரு மூலையில் செத்த விலங்கை நாய் குதறுகிறது; உற்றுப் பார்த்தால் ஒருவர் பின்புறம் தெரிய ஒதுங்கியிருப்பதும் கண்ணில் படும். பேசாத மனிதர் எதையும் பார்க்காமல் விடவில்லை.

சாராயம் அளந்தவரின் சாலை

ரெய்ஸ்டாலின் சீடர் மைண்டெர்ட் ஹொப்பெமா. 1668-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒயின் பீப்பாய் அளக்கும் உத்தியோகம் கிடைத்தது. அதோடு வரைவது குறைந்தது. 21 ஆண்டு கழித்து, 1689-இல், ‘மிட்டெல்ஹார்னிஸ் சாலை’ என்று ஒன்றை வரைந்தார். இரண்டு பக்கமும் ஒல்லி ஒல்லியாக வளர்ந்த மரங்கள், நடுவே நேராக ஓடும் சாலை. ஆமாம், மேலே குறைப்பட்டுக்கொண்டேனே, அந்த நேர்கோடு இதில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் முன்னால் இரண்டு பக்கமும் இன்னும் மரம் போட்டு, பிறகு அவரே அழித்தது தெரிந்தது. அழித்ததால்தான் வானம் கிடைத்தது.

நீல இலை, சாம்பல் வானம்

அருங்காட்சியகத்தில் ஒரு டச்சு மரம் நீலமாகத் தெரிந்தால் ஓவியரைத் திட்டாதீர்கள். பச்சைக்காக நீலத்தோடு கலந்த தாவர மஞ்சள் வெளிச்சம் பட்டு வெளிறிப்போய், நீலம் மட்டும் நின்றுவிட்டது. வானத்தில் அதற்கு நேர்மாறு. கோபால்ட் கலந்த கண்ணாடியைப் பொடித்துச் செய்த ‘ஸ்மால்ட்’ மலிவான நீலம். எண்ணெயில் காலப்போக்கில் சாம்பலாகிவிடும். ஹாலந்தில் எப்போதும் மழை மூட்டம் என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் பங்கு இந்தப் பொடிக்கும் உண்டு.

காணாமல் போன திமிங்கலம்

ஹென்ட்ரிக் வான் அந்தோனிசன் 1641 வாக்கில் வரைந்த ஸ்கெவெனிங்கன் கடற்கரை ஓவியம் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு 1873-இல் வந்தது. குளிர்காலக் கரையில் காரணமே இல்லாமல் ஒரு கூட்டம் கூடி நிற்கும். 2014-இல் சுத்தம் செய்தபோது தொடுவானத்தில் ஒரு மனிதர் அந்தரத்தில் நிற்பது வெளிப்பட்டது. மேலும் சுரண்ட, அவர் காலடியில் ஒரு முழுத் திமிங்கலம்! கரையொதுங்கிய செத்த உடலை வீட்டில் மாட்டப் பிடிக்காத யாரோ, மேலே கடலைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

முட்டையில் எழுதிய அரசியல்

‘குட்டி நண்டு’ அசெலைன் நினைவிருக்கிறதா? கூட்டை நெருங்கும் நாயைப் பார்த்து இறக்கை விரித்துச் சீறும் அன்னம் ஒன்றை வரைந்தார். இன்று ரைக்ஸ்மியூசியமாக இருப்பது 1800-இல் முதன்முதலாக வாங்கிய படம் அதுதான். விலை 100 கில்டர். அன்னத்தின்மேல் ‘தலைமை அமைச்சர்’ என்றும் முட்டையில் ‘ஹாலந்து’ என்றும் நாயின்மேல் ‘நாட்டின் எதிரி’ என்றும் எழுதியிருக்கும். யோஹான் டெ விட் என்ற தலைவரைப் புகழ யாரோ பின்னால் சேர்த்தது. டெ விட் பதவிக்கு வந்தது 1653-இல், அசெலைன் இறந்தது 1652-இல்.

கரும்புத் தோட்டத்தில் கிராமிய அழகு

போட்டரின் காளை நிற்கும் மௌரிட்ஸ்ஹெய்ஸ் யாருடைய வீடு? டச்சுப் பிரேசிலை 1637 முதல் 1644 வரை ஆண்ட யோஹான் மௌரிட்ஸுடையது. சர்க்கரைக் காசு, அடிமை வியாபாரத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவரோடு பிரேசில் போன ஹார்லெம்காரர் ஃபிரான்ஸ் போஸ்ட், ஊர் திரும்பியபின்னும் பல ஆண்டுகள் பிரேசிலையே வரைந்து விற்றார். அதே அகன்ற வானம், அதே தாழ்ந்த அடிவானம், அதே அமைதி. கரும்பாலையில் வேலை செய்யும் ஆப்பிரிக்க அடிமைகள் ஹார்லெமின் துணி விரிக்கும் பெண்கள் அளவுக்கே சிறுத்து, படத்துக்கு அழகு சேர்க்கிறார்கள். இந்த வகை ஓவியத்தின் இனிமை எனக்குக் கொஞ்சம் கசப்பது இங்கேதான்.

போகிற போக்கில் இன்னும் கொஞ்சம்

ரெய்ஸ்டால் அருவிகளாக வரைந்து தள்ளினார். ஸ்காண்டிநேவியாவுக்குப் போனவர் இல்லை. 1644-இல் அங்கே போய்வந்த ஆலார்ட் வான் எவர்டிங்கன் வரைந்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஜெர்மன் எல்லையிலுள்ள பெந்தைம் கோட்டையை ரெய்ஸ்டால் நேரில் பார்த்தவர்தான். இருப்பது சின்னக் குன்று. அவர் படத்தில் அது மலை உச்சி.

அவருடைய சித்தப்பா முறையான சலோமோனும் நிலக்காட்சி ஓவியர். குடும்பப் பெயரை எழுதும்போது இருவரும் ஒரு எழுத்தை மாற்றிப் போடுவார்கள். பட்டியல் போடும் அருங்காட்சியகத்தாருக்கு அது பெரிய வசதி.

ஆங்கில ஓவியர் டர்னர் 1818-இல் டார்ட்ரெக்ட் துறையைக் கெய்ப்பின் பொன் வெயிலிலேயே வரைந்து மரியாதை செலுத்தினார். ரெய்ஸ்டாலுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று 1827-இல் ‘ரெய்ஸ்டால் துறைமுகம்’ என்ற தலைப்பில் கொந்தளிக்கும் கடல் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார். 1844-இல் அதே துறைமுகத்தை மறுபடி வரைந்தார். அப்படி ஒரு துறைமுகம் எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லை.